உடைவதற்காகவே ஒரு போல்ட்

(வைக்கோல் கட்டும் மெஷின் வைத்திருக்கும் குழுக்களுக்கான ஒருநாள் பயிற்சியில் நமது களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஊக்குநர்கள், பிரதிநிதிகள், உறுப்பினர்கள் என்று இவ்வளவு பேர் ஒரு மெஷினைப் பற்றிப் பேச வந்திருப்பது மகிழ்ச்சி. "மெஷின் விஷயம் டிரைவருக்குத் தெரிஞ்சா போதாதா, நமக்கு எதுக்கு?" என்று உள்ளே வரும்போதே ரெண்டு பேர் கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அதுக்கு முதலில் பதில் சொல்லிடறேன்.

கடன் யார் பேரில் இருக்கு? குழு பேரில். தவணை கட்ட வேண்டியது யார்? நாம. டெல்டாவில் சம்பா அறுவடை பெரும்பாலும் ஜனவரி, பிப்ரவரியில் நடக்கும். அறுவடை மெஷின் போன பிறகு வயலில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும். உளுந்து, பயறு தெளித்த வயலாக இருந்தால் முளைக்கு மேல் வைக்கோல் மூடிக் கிடக்கக் கூடாது. விவசாயி நமக்காகக் காத்திருக்க மாட்டார், அடுத்த மெஷினைக் கூப்பிடுவார். அந்தச் சில வாரம் ஓடினால்தான் வருஷத் தவணைக்குப் பணம். அந்த நேரத்தில் "போல்ட் போச்சுக்கா, இன்னிக்கு வேலை இல்லை" என்று டிரைவர் தம்பி போன் செய்தால், "எந்த போல்ட்? ஏன் போச்சு?" என்று கேட்க நமக்குத் தெரியணும். இன்றைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

மெஷின் எப்படி வேலை செய்யுது?

நான் பேசப் போவது சதுரக் கட்டு போடும் பழைய மெஷினைப் பற்றி. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டு நிமிஷத்துக்கு 540 சுற்று சுற்றும். அது முன்னால் இருக்கும் கனமான சக்கரத்தைச் சுழற்றும். அதுதான் பிளைவீல். அங்கிருந்து கியர்பாக்ஸ். கியர்பாக்ஸிலிருந்து மூணு வேலை நடக்குது.

ஒன்று, கீழே பொறுக்கிய வைக்கோலைப் பெட்டிக்குள் தள்ளும் விரல்கள். இரண்டு, பெட்டிக்குள் முன்னும் பின்னும் போய் வைக்கோலை இடித்து இறுக்கும் பிளஞ்சர். அதன் ஓரத்தில் ஒரு கத்தி இருக்கும், பெட்டியின் ஓரத்தில் இன்னொரு கத்தி அசையாமல் இருக்கும். இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி வைக்கோலை நறுக்கும். மூன்று, கட்டு நீளமானதும் கயிறைக் கொண்டுவரும் ஊசிகளும், மேலே முடிச்சுப் போடும் பகுதியும்.

உரலில் ரெண்டு பேர் சேர்ந்து குத்தியிருக்கீங்களா? (பெரியவர்கள் பலர் கை தூக்கினார்கள்.) ஒருத்தர் உலக்கை இறங்கும்போது இன்னொருத்தர் உலக்கை மேலே இருக்கணும். தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். மெஷினிலும் அப்படித்தான். பிளஞ்சர் வருவதற்குள் தள்ளும் விரல்கள் வெளியே போயிடணும். பிளஞ்சர் வைக்கோலைத் தள்ளிக்கொண்டு வரும் நேரத்தில், அதில் உள்ள பள்ளத்துக்குள்தான் ஊசி நுழையணும். இந்தத் தாளத்துக்குத்தான் மெக்கானிக் "டைமிங்" என்று சொல்றார். வேறொன்றும் இல்லை.

போல்ட் ஏன் உடையுது?

பிளைவீலில் ஷியர் போல்ட் என்று ஒன்று இருக்கு. ஷியர் பின் என்றும் சொல்வாங்க. அது உடைவதற்காகவே வைத்த போல்ட். வீட்டில் ஃபியூஸ் இருக்கு இல்லையா, அது மாதிரி. ஃபியூஸ் அடிக்கடி போகுது என்று தடிமனான செம்புக் கம்பியைச் சுற்றினால் என்ன ஆகும்? ஃபியூஸ் போகாது, வயர் எரியும். இங்கேயும் அதேதான். உள்ளே ஏதாவது சிக்கினால் சில பத்து ரூபாய் போல்ட் உடைந்து, கியர்பாக்ஸையும் பிளஞ்சரையும் ஊசியையும் காப்பாற்றுது.

ஒரு குழுவில் நடந்ததைச் சொல்றேன், பேர் வேண்டாம். ஒரே வாரத்தில் ஏழு போல்ட் உடைந்தது. தொல்லை தாங்காமல் டிரைவர் கடையில் இருந்த கெட்டியான போல்ட்டை வாங்கிப் போட்டார். ரெண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் கியர்பாக்ஸில் பல் உடைந்தது. சாமான் வந்து மெஷின் கிளம்புவதற்குள் சீசன் முடிந்துவிட்டது. அந்த வருஷத் தவணையை உறுப்பினர்கள் சேமிப்பிலிருந்து கட்டினாங்க. டிரைவர் மேல் மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஏழு போல்ட் உடைந்தபோதும் மாதக் கூட்டத்தில் "ஏன்?" என்று யாருமே கேட்கவில்லை.

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று எண் இருக்கும். அது அதன் வலிமை. எண் கூடினால் வலிமை கூடும். உங்க மெஷின் புத்தகத்தில் என்ன எண், என்ன தடிமன், என்ன நீளம் சொல்லியிருக்கோ அதேதான் போடணும். கெட்டியானதைப் போட்டால் கியர்பாக்ஸ் போகும். மெலிந்ததைப் போட்டால் நாள் முழுக்க போல்ட் மாற்றிக்கொண்டே இருக்கணும்.

நின்ற இடத்தைப் பாருங்க

போல்ட் உடைந்ததும் புதுசைப் போட அவசரப்படாதீங்க. முதலில் பிளஞ்சர் எந்த இடத்தில் நிற்குது என்று பாருங்க. காரணம் அங்கேயே இருக்கும்.

கத்திகள் சந்திக்கும் இடத்தில் வைக்கோல் திணிந்து நின்றால், கத்தி மழுங்கியிருக்கு அல்லது ரெண்டு கத்திக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது. பெரும்பாலான மெஷினில் அந்த இடைவெளி 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கணும். வைக்கோல் வரிசை ரொம்பத் தடிமனாக இருந்தாலும், கல், கட்டை உள்ளே போயிருந்தாலும் இங்கேதான் நிற்கும்.

பிளஞ்சர் முழுசாகப் பின்னால் போய் இறுக்கும் கடைசியில் நின்றால், கட்டின் இறுக்கம் அதிகம் வைத்திருக்கு, இல்லையென்றால் வைக்கோல் ஈரம். காலையில் பனி காயும் முன் ஆரம்பித்தால் இது நடக்கும்.

கிளம்பும்போது மட்டும் உடைந்தால், பெட்டி நிறைய வைக்கோலை வைத்துக்கொண்டு பி.டி.ஓ.வை வேகமாகப் போட்டிருக்காங்க. மெதுவாக எஞ்சினில் பி.டி.ஓ.வைப் போட்டு, பிறகு வேகம் கூட்டணும்.

நாலாவது முக்கியமானது. ஊசி பெட்டிக்குள்ளேயே நின்றுவிட்டால், பிளஞ்சர் அதை நொறுக்காமல் இருக்க ஒரு தடுப்புக் கொக்கி பெட்டிக்குள் வந்து நிற்கும். பிளஞ்சர் அதில் மோதியதும் பிளைவீல் போல்ட் உடையும். ஊசியை ஓட்டும் இடத்திலும் பல மெஷினில் ஒரு சின்ன ஷியர் போல்ட் உண்டு. ரெண்டு போல்ட்டும் சேர்ந்து உடைந்திருந்தால் ஊசிப் பக்கம்தான் முதலில் பார்க்கணும். ஊசி வளைந்திருக்கா, முடிச்சுப் பகுதியில் கயிறு சுற்றிச் சிக்கியிருக்கா, டைமிங் தப்பியிருக்கா என்று பார்த்து, ஊசி தன் இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் புது போல்ட்.

இது எதுவும் இல்லாமல் அடிக்கடி உடைந்தால் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பாருங்க. பளிச்சென்று ஒரே வெட்டாக இருந்தால் திடீர்ப் பளு. பக்கத்தில் தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் நட்டு தளர்ந்திருக்கு அல்லது போல்ட் உட்காரும் ஓட்டை முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கு. புது போல்ட் எத்தனை போட்டாலும் அங்கே நிற்காது. ஓட்டையைத்தான் சரி செய்யணும்.

டைமிங் எப்போது தப்பும்?

"போல்ட் உடைந்ததால் டைமிங் போச்சு" என்று யாராவது சொன்னால் கொஞ்சம் யோசிங்க. பிளைவீல் போல்ட் கியர்பாக்ஸுக்கு முன்னால் இருக்கு. அது உடைந்தால் பின்னால் உள்ள எல்லாம் ஒன்றாகவே நின்றுவிடும், தாளம் மாறாது. செயின் இழுத்து நீண்டு ஒரு பல் தாண்டினாலோ, செயினைக் கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளிப் போட்டாலோ, சக்கரத்தின் சாவி தேய்ந்தாலோதான் தாளம் தப்பும். ஊசி, தள்ளும் விரல் ஆகியவற்றின் போல்ட் உடைந்து மாற்றினால் மட்டும் பழைய இடத்திலேயே சேர்ந்திருக்கா என்று பார்த்துக்கணும்.

சோதிப்பது இப்படி. முதலில் டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்து நம்ம உறுப்பினர் ஒருவர் இடுப்பில் செருகிக்கணும். பி.டி.ஓ. தண்டைக் கழற்றணும். எஞ்சினை அணைத்த பிறகும் பிளைவீல் கொஞ்ச நேரம் சுற்றும், முழுசாக நிற்கும்வரை பக்கத்தில் போகக் கூடாது. பெட்டியைக் காலி செய்யணும். முடிச்சுப் பகுதியின் விசையைக் கையால் தட்டி விடணும். பிறகு ஒருத்தர் பிளைவீலை ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றணும். இன்னொருத்தர் தள்ளி நின்று பார்க்கணும். சுற்றும்போது யார் கையும் உள்ளே இருக்கக் கூடாது. ஊசி முனை பெட்டிக்குள் எட்டும்போது பிளஞ்சர் அந்த இடத்துக்கு வந்திருக்கா? ஊசி பள்ளத்தின் எந்தப் பக்கத்தையும் உரசாமல் போகுதா? எத்தனை அளவு முன்னே பின்னே என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், புத்தகத்தில் இருக்கும். அளவு தப்பியிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. அவர் சரி செய்து முடித்ததும், செயினிலும் பல் சக்கரத்திலும் ஒரே நேராக பெயிண்ட் புள்ளி வைக்கச் சொல்லுங்க. அடுத்த தடவை செயினைக் கழற்றினால் புள்ளியோடு புள்ளியைச் சேர்த்து மாட்டலாம்.

வேலை நேரத்தில் புடவைத் தலைப்பு, துப்பட்டா, பின்னல் எதுவும் தொங்கக் கூடாது. பி.டி.ஓ. தண்டின் மேல்மூடி இல்லாத மெஷினை ஓட்டக் கூடாது. சிக்கிய வைக்கோலை ஓடும் மெஷினில் கையால் இழுப்பது கூடவே கூடாது. போல்ட் போனால் வாங்கலாம், விரல் போனால் வாங்க முடியாது.

ஒரு நோட்டு போடுங்க

சேமிப்புக்கு நோட்டு, உள்கடனுக்கு நோட்டு, தீர்மானத்துக்கு நோட்டு வைத்திருக்கோம். மெஷினுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். ஐந்து கட்டம் போடுங்க: தேதி, எந்த போல்ட், பிளஞ்சர் எங்கே நின்றது, வைக்கோல் காய்ந்ததா ஈரமா, போட்ட போல்ட்டின் எண். உடைந்த துண்டுகளை ஒரு டப்பாவில் போட்டு வைங்க.

இன்னொரு குழுவில் இப்படி எழுதிப் பார்த்தாங்க. ஆறு உடைப்பில் ஐந்து கத்தி இருக்கும் இடத்திலேயே. மெக்கானிக் வந்ததும் நோட்டைத்தான் காட்டினாங்க. கத்தியைத் தீட்டி, இடைவெளியைச் சரி செய்து, அரை நாளில் அவர் வேலை முடிந்தது. ஏழு போல்ட் உடைந்த குழுவிலும் இப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், மூன்றாவது நாலாவது உடைப்பிலேயே காரணத்தைத் தேடியிருக்கலாம்.

அடுத்த மாதக் கூட்டத்தில் ரெண்டு தீர்மானம் போடுங்க. ஒன்று, புத்தகத்தில் உள்ள எண் தவிர வேறு போல்ட் நம்ம மெஷினில் ஏறக் கூடாது. சரியான போல்ட் பத்தாவது எப்போதும் கையிருப்பில் இருக்கணும். இரண்டு, ஒரே நாளில் இரண்டாவது போல்ட் உடைந்தால் மெஷினை நிறுத்திக் காரணத்தைப் பார்த்த பிறகுதான் மூன்றாவது. டிரைவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்லுங்க. அவர் நமக்கு எதிரி இல்லை. "பரவாயில்லை தம்பி, இன்னிக்கு நிறுத்திப் பார்க்கலாம்" என்று முதலாளி சொன்னால்தான் அவரும் தைரியமாக நிறுத்துவார். இங்கே முதலாளி நாமதான்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெளியே நிற்கும் மெஷினில் எல்லோரும் பிளைவீலைச் சுற்றி, ஊசி ஏறுவதைக் கண்ணால் பார்க்கப் போறோம். மூத்த அம்மாக்களும் வாங்க. உரலில் தாளம் தெரிந்தவங்களுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.