ஒருவர் சொன்ன ‘இல்லை’



“நாம் எத்தனை பேர்? நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது?” என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதற்குப் பதிலாக, கனடாவின் மனிடோபா மாநில அரசியல்வாதி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் எலைஜா ஹார்ப்பர்.

1949-இல் ரெட் சக்கர் லேக் என்ற பூர்வகுடிக் கிராமத்தில் பிறந்தார். பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழியை மறக்கச் செய்த விடுதிப் பள்ளிகளில் படித்தார். 1978-இல் ஊர்த் தலைவரானார். 1981-இல் புதிய ஜனநாயகக் கட்சியின் சார்பில் சட்டமன்றம் சென்றார். பின்னர் அமைச்சராகவும் இருந்தார்.

1987-இல் பிரதமரும் பத்து மாநில முதல்வர்களும் மீச் லேக்கில் கூடி, அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றைப் பேசி முடித்தார்கள். கியூபெக் மாநிலத்தின் தனித்தன்மையை ஏற்றார்கள். அந்த மண்ணின் முதல் மக்களையோ விட்டுவிட்டார்கள். பத்து மாநிலங்களும் 1990 ஜூன் 23-க்குள் ஒப்புதல் தரவேண்டும்.

மனிடோபாவில் மூன்று கட்சித் தலைவர்களும் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் நாள் போதவில்லை. முறையான முன்னறிவிப்பு இல்லாமல் தீர்மானத்தை எடுக்க எல்லா உறுப்பினர்களின் சம்மதமும் தேவை. சம்மதம் உண்டா என்று ஜூன் 12 அன்று கேட்டபோது, கையில் கழுகு இறகோடு இருந்த ஹார்ப்பர், “இல்லை, சபாநாயகர் அவர்களே” என்றார். அடுத்தடுத்த நாள்களிலும் அதே பதில்தான். கத்தவில்லை, மேசையைத் தட்டவில்லை.

அவர் தனியாக நிற்கவில்லை என்பதையும் கவனியுங்கள். பூர்வகுடித் தலைவர்களும் சட்டம் தெரிந்தவர்களும் மன்ற விதிகளை அலசி அவருக்குத் துணை நின்றார்கள். மன்றத்துக்கு வெளியே மக்கள் திரண்டார்கள். மனிடோபாவில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. நியூஃபவுண்ட்லாந்து மாநிலமும் தன் வாக்கெடுப்பைக் கைவிட்டது. கெடு முடிந்தது, திருத்தம் செத்தது.

அதனால் பூர்வகுடிகளின் துயரம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் 1992-இல் மறுபடியும் அரசியல் சட்டத்தைப் பேச உட்கார்ந்தபோது, அவர்களின் தலைவர்களுக்கும் நாற்காலி போடவேண்டியதாயிற்று. ஹார்ப்பர் 1993-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார், 1997-இல் தோற்றார், 2013-இல் காலமானார். எந்த மன்றத்தில் ‘இல்லை’ என்றாரோ, அதே மன்றத்தில் அவர் உடலை வைத்து மரியாதை செய்தார்கள்.

தோழர்களே, தொழிற்சங்கமோ, பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, குடியிருப்பாளர் கூட்டமோ, எதுவானாலும் அதன் விதிமுறை நகலைக் கேட்டு வாங்குங்கள். படித்துப் புரியாவிட்டால் தெரிந்தவரிடம் கேளுங்கள். உங்களைக் கேட்காமல் ஒரு காரியத்தை அவசரமாக முடிக்கப் பார்த்தால், “முறைப்படி அறிவிப்பு கொடுத்தீர்களா?” என்று எழுந்து கேளுங்கள். உங்கள் பக்கத்தில் ஒருவர் அப்படி எழுந்தால், அவரைத் தனியே விடாதீர்கள்.