தண்டுகள் கழற்றாத பேழை

(பொன்விழா ஆயத்தத்தின் மூன்றாம் நாள் மாலைத் திருப்பலிக்குப்பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



மூன்று நாட்களாக, வேலை முடிந்த களைப்போடு வந்து இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். முதல் நாள் செபத்தைப் பற்றியும் இரண்டாம் நாள் குடும்பத்தைப் பற்றியும் வெளியூர்த் தந்தையர் இருவர் அழகாகப் பேசினார்கள். எனக்கு விழாக் குழுவினர் கொடுத்த தலைப்பு "நம் பங்கின் வரலாறு". எந்த ஆண்டில் கோபுரம் எழும்பியது, எந்த ஆண்டில் மணி வாங்கினோம் என்பதெல்லாம் விழா மலருக்காக அச்சகத்துக்குப் போய்விட்டன. ஆகவே அதைவிடப் பழையதான ஒரு வரலாற்றை எடுத்துக்கொள்கிறேன். இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் அலைந்த வரலாறு அது. பெரியவர்கள் யாத்திராகமம் என்று சொல்லிப் பழகிய விடுதலைப் பயண நூலிலும், அதையடுத்து வரும் மூன்று நூல்களிலும் அதைப் படிக்கிறோம். நம் பங்கின் வரலாறும் அதற்குள் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் ஓர் எளிய கணக்கு. ஓரேபு மலையிலிருந்து வாக்களிக்கப்பட்ட நாட்டின் வாசலாகிய காதேசு பர்னேயாவுக்கு நடந்து போக எத்தனை நாளாகும்? 11 நாட்கள் என்று இணைச்சட்டத்தின் முதல் அதிகாரம் கூறுகிறது. ஆனால் அவர்கள் அலைந்ததோ 40 ஆண்டுகள்! எண்ணிக்கை நூலின் 33ஆம் அதிகாரத்தில் அவர்கள் பாளையமிறங்கிய இடங்கள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயில், அன்னனூர், ஆவடி என்று நம் பிள்ளைகள் ரயில் நிலையங்களை ஒப்பிப்பார்களே, அதுபோன்ற ஒரு பட்டியல். 42 இடங்கள் என்று எண்ணிக் கூறுவது வழக்கம். அவற்றில் பல இன்று எங்கே இருக்கின்றன என்று எவருக்கும் தெரியாது. அங்கே பிள்ளைகள் பிறந்திருப்பார்கள், பெரியவர்கள் இறந்திருப்பார்கள். மிஞ்சியது பெயர் மட்டுமே.

பதினொரு நாள் வழி நாற்பது ஆண்டானது எதனால்? நாட்டைப் பார்த்து வரச்சென்ற பன்னிருவரில் பத்துப்பேர் திகிலோடு திரும்பினார்கள். அன்றிரவு முழுவதும் மக்கள் அழுதார்கள். வேறொரு தலைவனை ஏற்படுத்திக்கொண்டு எகிப்துக்கே திரும்பிவிடுவோம் என்றார்கள். ஏற்கெனவே ஒருமுறை எகிப்தில் தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுதவர்கள்தாம். செங்கல் அறுத்ததும் சவுக்கடி பட்டதும் மறந்துபோயின. வெங்காயம் மட்டும் நினைவிலிருந்தது!

இந்த இடத்தில் மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். பூந்தமல்லி குருமடத்தில் படித்தபோது நானும் சிரித்தவன்தான். இப்போது சிரிக்க முடியவில்லை. காரணம், நம் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஒரு கூட்டத்தின் கதை.

பர்மாவில் தலைமுறைகளாக வாழ்ந்த தமிழர்களைப் பற்றிச் சொல்லுகிறேன். 1942 மார்ச்சில் இரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தபோது, இலட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் கடந்து அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் கால்நடையாக வந்தார்கள். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டவர்கள் பல்லாயிரம். தப்பியவர்களில் பலர் போர் முடிந்ததும் திரும்பிப் போனார்கள். 1962ல் அங்கே இராணுவ ஆட்சி வந்தது. 1964ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. மீண்டும் புறப்பாடு. இம்முறை கப்பலில். வந்தவர்களுக்கு அரசு முகாம்களும் குடியிருப்புகளும் அமைத்துக் கொடுத்தது. வியாசர்பாடியும் கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரிலுள்ள பர்மா பஜாரும் அப்படித்தான் அவர்கள் பெயரோடு சேர்ந்தன. அங்கே தள்ளுவண்டியில் விற்கும் அத்தோவை உங்களில் இளைஞர்கள் சாப்பிட்டிருப்பீர்கள்.

வந்தவர்களில் சிலருக்கு இந்த மண்ணில் கால் தரிக்கவில்லை. பேச்சிலே பர்மிய வாடை, உடையிலே வித்தியாசம், உறவென்று சொல்லி வந்த ஊரில் உறவினருக்கே இவர்களைத் தெரியவில்லை. "பர்மாவுக்கே போய்விடுவோம்" என்று புறப்பட்டார்கள். மணிப்பூரின் கோடிக்குப் போய் எல்லையைக் கடக்க முயன்றார்கள். அங்கே விடவில்லை. முன்னும் போகமுடியாமல் பின்னும் வரமுடியாமல் எல்லையோரத்து மோரே என்ற சிற்றூரிலேயே தங்கினார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் உண்டாயிற்று, கோயில் எழும்பிற்று. சொந்த நாட்டுக்கு வந்தவர்கள் ஏன் திரும்பிப்போக நினைத்தார்கள்? வெங்காயத்தின் மேலுள்ள ஆசையா? அப்படி நான் நினைக்கவில்லை. வந்த இடத்தில் யாரும் "உட்காருங்கள்" என்று சொல்லாவிட்டால் பாலும் தேனும் பொழியும் நாடும் பாலைவனம்தான்.

இனி நம் கதைக்கு வருவோம். இந்தப் பங்கிலே பூர்வீகக் குடிகள் எத்தனை பேர்? கையை உயர்த்தச் சொன்னால் இரண்டு வரிசைகூடத் தேறாது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961ல் தொடங்கி, 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964ல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை வந்தது. அதற்கும் முன்பே, 1949லிருந்து, சைக்கிள் கம்பெனி. நெல்லையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் குமரியிலிருந்தும் செங்கல்பட்டுக் கிராமங்களிலிருந்தும் உங்கள் அப்பாமார் டிரங்குப் பெட்டியும் பாயுமாக வந்தார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் எந்த ஊர், எந்தச் சாதி, எந்த வேதம் என்று கேட்டு அனுப்பிவிட்ட கதைகளை உங்கள் வீட்டுத் திண்ணைகளில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன்.

ஆலயமில்லாத அந்த நாட்களில் பூசை நடந்தது ஒரு தகரக் கொட்டகையில் என்று மூத்தவர்கள் சொல்லுகிறார்கள். தச்சர் மேசைதான் பீடம். திருப்பாத்திரங்களும் பூசை உடுப்பும் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கும். உபதேசியார் அதைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். மழைக்காலத்தில் தலையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்ததும் உண்டாம். அந்தப் பெட்டி இன்னும் நம் சக்ரீஸ்துவில், அலமாரியின் மேலே கிடக்கிறது. துரு ஏறியிருக்கிறது. "சாமி, அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா?" என்று போன மாதம்கூட ஒருவர் கேட்டார்.

உடன்படிக்கைப் பேழையை எப்படிச் செய்யவேண்டுமென்று ஆண்டவர் மோசேக்குச் சொன்ன இடத்தில் ஒரு சிறு கட்டளை இருக்கிறது. சித்திம் மரத்தால் செய்து பொன்தகடு வேய்ந்த அந்தப் பேழையின் நான்கு மூலைகளிலும் வளையங்கள். அந்த வளையங்களில் தூக்கும் தண்டுகள். பேழையை இறக்கி வைத்த பிறகும் தண்டுகளைக் கழற்றக்கூடாது! நம் வீட்டில் சப்பரத்தை இறக்கினால் தண்டை உருவிச் சுவரோரம் சாத்திவிடுகிறோம். அங்கே அப்படியல்ல. தாவீது அரசர் தாம் கேதுரு மர மாளிகையில் இருக்க, ஆண்டவர் கூடாரத்தில் இருக்கிறாரே என்று கோவில் கட்டப் புறப்பட்டபோதும், எகிப்திலிருந்து புறப்பட்ட நாள் முதல் கூடாரத்திலேதான் உலாவி வருகிறேன், எனக்கு மாளிகை கட்டித் தாருங்கள் என்று யாரையாவது கேட்டேனா என்று நாத்தான் வழியாக ஆண்டவர் கேட்டார். ஆலயம் கட்டியது தவறென்று நான் சொல்லவில்லை. உங்கள் வியர்வைப் பணத்தில் எழும்பிய ஆலயம் இது. தண்டை மட்டும் உருவிவிட்டோமோ என்ற பயம் எனக்கு.

பொன்விழா என்பதே விவிலியத்திலிருந்து வந்ததுதான். ஐம்பதாம் ஆண்டில் கொம்பு ஊதி நாடெங்கும் விடுதலையை அறிவிக்கச் சொல்லுகிறது லேவியர் நூலின் 25ஆம் அதிகாரம். அடிமை வீடு திரும்பவேண்டும். விற்ற நிலம் உரியவனிடம் சேரவேண்டும். காரணம் என்ன? நிலம் ஆண்டவருடையது, இஸ்ரயேலர் அவரிடம் தங்கியிருக்கும் அந்நியரும் விருந்தாளிகளுமே. நாட்டைப் பெற்றுக் குடியேறிய பிறகும் இந்த நிலைதான்! அறுவடையின் முதற்பலனைக் கூடையில் எடுத்துவரும் விவசாயி "என் வயல், என் உழைப்பு" என்று தொடங்கக்கூடாது. அலைந்து திரிந்த ஓர் அரமேயனின் பிள்ளை நான் என்றுதான் பீடத்தின்முன் அறிக்கையிடவேண்டும் என்கிறது இணைச்சட்டம்.

இதுவரை பழைய கதை. இனி சொல்லப்போவது சிலருக்கு வருத்தமாயிருக்கலாம். முதல் குற்றவாளி நான்தான் என்பதால் தைரியமாகச் சொல்லுகிறேன்.

2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். ஆலயத்தைப் பூட்டினோம். சில வாரங்கள் கழித்து இரண்டு வாலிபர்கள் பங்களாக் கதவைத் தட்டினார்கள். ஜார்க்கண்டுக்காரர்கள். பட்டறை மூடிக் கூலி நின்றுபோனதால், கும்மிடிப்பூண்டி வழியாக ஊருக்கே நடந்துவிடலாமென்று புறப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அரிசி கேட்டார்கள், கொடுத்தேன். வாங்கியவன் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டான். விசாரித்தால், சிம்டேகாப் பக்கத்துக் கத்தோலிக்கன். ஊரில் உபதேசியாரின் மகன். மூன்று வருடமாக நம் காலைப் பூசைக்கு வந்து கடைசித் தூணருகே நின்றிருக்கிறான். மூன்று வருடமாக நான் அவனுக்கு நன்மை கொடுத்திருக்கிறேன். பெயர் கேட்டதில்லை.

1885ல் கான்ஸ்டன்ட் லீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு சோட்டா நாக்பூருக்குப் போனதிலிருந்து வேரூன்றிய விசுவாசம் அவர்களுடையது. ஓராவோன் மக்களின் குருக் மொழி நம் தமிழுக்கு உறவு மொழி. கண்ணுக்கும் பல்லுக்கும் அவர்கள் சொல்லும் சொற்கள் நம் சொற்களை ஒத்தவை. இதை நான் அறிந்துகொண்டதே அந்தப் பையன் சொல்லித்தான்.

இன்று தொழிற்பேட்டையைச் சுற்றி அப்படிப்பட்டவர்கள் பலர் நம் பூசைக்கு வருகிறார்கள். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் பழைய மண்டபத்தில் தங்கள் மொழியில் செபமாலை சொல்லிப் பாடவும், மாதம் ஒருமுறை இந்திப் பூசைக்கும் அனுமதி கேட்டு ஆறு மாதம் முன்பு எழுதிக் கொடுத்தார்கள். "பொன்விழா முடியட்டும்" என்று சொல்லி அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்களே என்று பயந்தேன்.

செய்தி எப்படியோ கசிந்து, ஆட்சேபங்களும் வந்தன. அவற்றை அற்பமென்று தள்ளமாட்டேன். மண்டபத்தில் திருமண வாடகை பங்கின் வருமானம்; அது உண்மை. சாவி யார் பொறுப்பு என்பதும் நியாயமான கேள்வி. "அவர்கள் சந்தா கட்டுவதில்லையே சாமி" என்றார் ஒருவர். மன்னா பொறுக்கியபோது மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, குறைவாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை என்று படிக்கிறோம். அங்கே சந்தாப் புத்தகம் இருந்ததாகத் தெரியவில்லை. "இன்றைக்கு இருப்பார்கள், நாளைக்குப் போய்விடுவார்கள்" என்றார் இன்னொருவர். இருக்கட்டுமே. எகிப்திலிருந்து புறப்பட்டவர்கள் யாக்கோபின் பிள்ளைகள் மட்டுமல்ல. பல இனத்தவரான பெருங்கூட்டமும் கூடவே வந்தது. நாட்டில் பிறந்தவனுக்கும் உங்களிடையே தங்கும் அந்நியனுக்கும் ஒரே சட்டம் என்று அந்தப் பாஸ்கா இரவைச் சொல்லும் அதிகாரத்திலேயே எழுதியிருக்கிறது. "சத்தமாயிருக்கும்" என்றவருக்கு மட்டும் பதிலில்லை. மேளம் கொண்டுவருவார்கள், சத்தமாகத்தான் இருக்கும்.

நேற்று இரவு அந்தத் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கையொப்பமிட்டேன். பங்குப் பேரவைக்கு முதலில் சொல்லாததற்கு மன்னிப்புக் கேட்கிறேன்; கூட்டத்தில் என்னைக் கேள்வி கேளுங்கள், பதில் சொல்லுகிறேன். டிரங்குப் பெட்டியைப் பழைய இரும்புக்குப் போடப்போவதில்லை. துருவைச் சுரண்டி, பச்சை வர்ணம் அடித்துத் தரும்படி மரியாயின் சேனையின் இளைஞர்களிடம் கொடுத்திருக்கிறேன். மாதந்தோறும் இந்திப் பூசைக்கான பாத்திரங்களும் புத்தகங்களும் அதில்தான் மண்டபத்துக்குப் போகும்.

வருகிற ஞாயிறு மாலை 4 மணிக்கு மண்டபம் திறந்திருக்கும். சாவி என்னிடம். மூன்றரைக்கே வந்து நாற்காலி போட நாலுபேர் கிடைத்தால் உதவியாயிருக்கும். தேநீர்ச் செலவை வின்சென்ட் தே பவுல் சபையார் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.