பழைய புல்லட்டின் மின்சாரக் கணக்கு

உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் குடியேறியவர்களுள் சிலர், ஊரிலிருந்து பாத்திரம் பண்டங்களோடு ஒரு பழைய மோட்டார் சைக்கிளையும் கொண்டுவந்திருப்பார்கள். பெட்ரோலை முற்றும் வடித்துவிட்டு, சாக்கும் வைக்கோலும் சுற்றி, ரயிலில் பார்சலாக அனுப்பிய வண்டி. நாம் நாகபுரிக்கு அவ்விதம் கொண்டுவந்தது தந்தையார் விட்டுச்சென்ற 350 சி.சி. புல்லட். இவ்வண்டிகளை நம் நாட்டிலேயே செய்வதற்கென்று 1955இல் சென்னையில் ஒரு கம்பெனி ஏற்பட்டது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் 1978ஆம் வருஷம் பிறந்தது நமது வண்டி.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. யந்திரங்களைப் பற்றிய கோப்புகளைத் தமிழாக்கும்போது ‘எரியூட்டல் தவறுதல்’ என்று கூசாமல் எழுதுவோம். அதே தவறுதல் நடுச்சாலையில் நேர்ந்தபோது அந்தச் சொல் உதவவில்லை. நாகபுரிப் பட்டறையிலும் சரி, நம்மூர்ப் பட்டறையிலும் சரி, அதற்குப் பெயர் ‘மிஸ்ஸிங்’. ஓடுகின்ற என்ஜின் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்பதுதான் மிஸ்ஸிங்.

ஒரு மார்கழியில் மாலை வேளைகளில் மட்டும் வண்டி மிஸ்ஸிங் ஆயிற்று. ஒரு பட்டறையில் காட்டினோம். அங்கிருந்த உஸ்தாத் பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தார். இரண்டாம் முறை போனபோது, “என்ஜினைப் பிரித்து ரீபோர் செய்யவேண்டும், சாகிப். இல்லாவிட்டால் எடைக்குப் போட்டுவிடுங்கள்” என்றார். வண்டியின் பதிவுச் சான்று புதுப்பிக்கவேண்டிய காலமும் நெருங்கியிருந்தது. செலவையெல்லாம் கூட்டிப் பார்த்து, எடைக்கே போட்டுவிடலாம் என்று பாதி மனதாக இருந்தோம்.

பொங்கலுக்கு முந்தைய நாள், வார்தாவில் கல்லூரி விடுதியில் இருந்த மகளை அழைத்துவரப் போனோம். பகலில் எழுபத்தைந்து கிலோமீட்டரையும் வண்டி ஒரு குறையுமின்றிக் கடந்தது. திரும்பும்போது அந்தி சாய்ந்துவிட்டது. விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம் வந்திருப்போம். வெளிச்சம் மஞ்சளாகி, மஞ்சள் செம்மையாகி, பூட்டிபோரிக்கு அருகே சைலன்சரில் இரண்டு வெடி கேட்டது. வண்டி நின்றுவிட்டது. இருட்டில் அதைச் சாலையோரம் தள்ளுகையில் ஒரு லாரி உரசினாற்போலக் கடந்து சென்றது. மகள், “அப்பா, கரும்பை விட்டுவிட்டு வண்டியை மட்டும் தள்ளுங்கள்” என்றாள். நம் கையில் கரும்புக் கட்டு இருந்தது அப்போதுதான் நமக்கே தெரிந்தது. அருகிலிருந்த ஓர் உணவுவிடுதியில் வண்டியை ஒப்படைத்துவிட்டுப் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தோம்.

அன்றிரவு உறக்கம் வராமல் யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. பகலில் இல்லாத நோய் இரவில் வருவானேன்? பிஸ்டனும் சிலிண்டரும் இரவு பகல் அறியா. இரவில் கூடுவது விளக்கு ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். முகப்பு விளக்கு 35 வாட், பின்விளக்கு 5 வாட்; 12 வோல்ட் பாட்டரியில் இவ்விரண்டும் மூன்று ஆம்பியருக்குச் சற்று மேல் இழுக்கும். பிளக்கில் பொறி உண்டாக்கும் காயில் சராசரியாக இரண்டு ஆம்பியர் கேட்கும். ஆக ஐந்துக்கு மேல். ஆல்ட்டர்னேட்டர் இரண்டே கொடுத்தால் பகலில் வண்டி ஓடும், இரவில் மீதி மூன்று பாட்டரியிலிருந்து போகும். 5 ஆம்பியர்-மணி பாட்டரி, புதிதாயிருந்தால் ஒன்றரை மணி நேரம் தாங்கும். நாகபுரியின் 45 டிகிரி வெயிலில் இரண்டு கோடை கண்டது ஒரு மணி நேரம் தாங்கியதே பெரிது. வார்தாவிலிருந்து பூட்டிபோரி ஒரு மணி நேரம்!

பாட்டரி தளர்ந்தால் பொறி தளரும். சிலிண்டரில் அழுத்தம் கூடக் கூட, பிளக்கின் முனைகளைத் தாண்டப் பொறிக்கு அதிக வலு வேண்டும். ஆகையால் ஆக்சிலரேட்டரைத் திருகும்போதுதான் மிஸ்ஸிங் முதலில் தலைகாட்டும். உஸ்தாத் சோதித்ததெல்லாம் பகலில், விளக்கில்லாமல். அவர் கண்ணுக்கு நோய் அகப்படாததில் வியப்பில்லை.

இதில் நம் பங்குக் குற்றமும் உண்டு. பழைய புல்லட்டின் முகப்பில் அம்மீட்டர் என்று ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. பாட்டரிக்குள் மின்சாரம் ஏறினால் ஊசி வலப்புறம் சாயும், இறங்கினால் இடப்புறம். சில வாரங்களாகவே மாலையில் அது இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அழகுக்கு வைத்ததென்று எண்ணி நாம் பார்த்தும் பாராதிருந்தோம்.

அந்த ஊசி வேறொரு வேலையும் செய்யும். சாவியைத் திருப்பி, விளக்கைப் போடாமல், கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஊசி மூன்று நான்கு ஆம்பியர் இடப்புறம் போகும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். இப்படி ஊசி ஆடினால் பாட்டரியிலிருந்து காயில் வழியாகப் பாயிண்ட் வரை பாதை சரி. நடுவிலேயே நின்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது பாயிண்டில் எண்ணெய்ப் பிசுக்கு. இடப்புறமே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. சோதனை முடிந்ததும் சாவியை மறவாமல் மூடிவிடவேண்டும். மூடிய பாயிண்டோடு சாவி திறந்துகிடந்தால் காயில் சூடேறிக் கெடும். பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பத்து நிமிஷத்தில் ஃபீலர் கேஜால் அளந்துவிடலாம். என்ஜின் ஓடுகையில் பாயிண்டில் பெரிய நீலப்பொறி தெறித்தால் கண்டன்சர் மீது சந்தேகப்படுங்கள்.

பெட்ரோல் குறையையும் மின்சாரக் குறையையும் காதாலேயே பெரும்பாலும் பிரித்துவிடலாம். பெட்ரோல் வராவிட்டால் என்ஜின் படிப்படியாகச் சோர்ந்து, கார்புரேட்டரில் தும்மி, அடங்கும். மின்சாரம் அறுந்தால் வெட்டினாற்போல நிற்கும். எரியாத பெட்ரோல் சைலன்சரில் போய் வெடிக்கும். நாலு கிலோமீட்டர் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்து மூடியதும் உயிர்பெறும் வண்டிக்கு நோய், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருப்பதுதான். இதற்காக என்ஜினைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள்.

பொங்கலுக்கு மறுநாள் ஒரு மல்ட்டிமீட்டரோடு பூட்டிபோரி சென்றோம். பாட்டரியைக் கழற்றி வந்து இரவு முழுதும் சார்ஜ் செய்து, மறுநாள் மீண்டும் பொருத்தினோம். என்ஜினை நிறுத்தி அளந்தபோது 12.6 வோல்ட். நல்லது. ஓடவிட்டு வேகம் கூட்டினால் 14ஐ ஒட்டி ஏறவேண்டும். நம் வண்டியில் 12.4ஐத் தாண்டவில்லை. (15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் பழுது, பாட்டரி கொதித்து அமில வாடை வரும்.) அடுத்து, செயின் கேஸிலிருந்து வெளிவரும் ஆல்ட்டர்னேட்டர் ஒயர்களைத் தடவிக்கொண்டே போனோம். இணைப்புகளில் ஒன்று கருகி, பிளாஸ்டிக் உறை உருகியிருந்தது. துரு ஏறிய இணைப்பு தடையாகி, தடை சூடாகி, சூடு மேலும் கருக்கியிருக்கிறது. இரண்டங்குலம் வெட்டியெறிந்து, செம்பு பளபளக்கச் சுரண்டிப் புதிய இணைப்புப் போட்டோம். பாட்டரியின் எர்த் ஒயர் சட்டத்தைத் தொடும் இடத்தில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்தோம். மீட்டர் 14 காட்டிற்று. செலவு, பஸ் கட்டணத்தைவிடக் குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. நம் வண்டியை 6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாற்றியவர், எல்லா விளக்குகளையும் பாட்டரியிலிருந்தே எரியும்படி ஒயர் இழுத்திருந்தார். சில புல்லட்டுகளில் முகப்பு விளக்குக்கு ஆல்ட்டர்னேட்டரிலிருந்து நேரே மின்சாரம் போகும். அவற்றில் விளக்கு பிரகாசமாக எரிந்து ஹாரன் மட்டும் முனகுமானால், பாட்டரிக்குச் செல்லும் பாதையில்தான் குறை தேடவேண்டும். சோதிக்கிறோம் என்று என்ஜின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றுகிற பழக்கம் பட்டறைகளில் உண்டு. ரெகுலேட்டர் அதில் போய்விடும், வேண்டாம்.

அந்த ஞாயிறு மாலை மகளை விடுதியில் விட மீண்டும் வார்தா புறப்பட்டோம். பூட்டிபோரி வருமுன்பே இருட்டிவிட்டது. பின்னாலிருந்து தோளைத் தட்டி, “ஊசி எங்கே அப்பா நிற்கிறது?” என்று கேட்டாள். வலப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது.