வெறுங்காலும் நெடுந்தூர ஓட்டமும்



நெடுந்தூர ஓட்டத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் ஏதென்ஸ் நகரில் தொடங்குவது வழக்கம். 1896-ஆம் ஆண்டு அங்கு நிகழ்ந்த ஒலிம்பிக் விழாவில் ஸ்பிரிடான் லூயிஸ் என்னும் கிரேக்கர் முதல் மராத்தான் ஓட்டத்தில் வென்றார். 1908-இல் லண்டனில் ஓடிய தூரமாகிய 42.195 கிலோமீட்டரே பிற்காலத்தில் நிலைத்த அளவாயிற்று. விருதுநகரில் புறப்பட்டால் மதுரையை ஏறக்குறைய எட்டிவிடும் தூரம் அது. நான் ஏதென்ஸை விட்டுப் புனே நகருக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன்.

அங்கே டெக்கான் ஜிம்கானா நடத்திய விளையாட்டு விழா ஒன்றைக் காணச் சென்றார் தோராப்ஜி டாட்டா. ஓட வந்தவர்களிற் பலர் உழவர்கள், விதிமுறை அறியாதவர்கள், காலில் செருப்புமில்லை. ஆயினும் சிலர் ஓடிய நேரம் ஐரோப்பியர் நேரத்தோடு ஒப்பிடத்தக்கதாயிருந்ததைக் கண்டு அவர் வியந்தார். அந்த வியப்பே 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்குக்கு இந்தியர் செல்ல வித்திட்டது. பெல்காம் பகுதியைச் சேர்ந்த சௌகுலே என்பவர் அங்கு மராத்தானை 2 மணி 50 நிமிடங்களில் முடித்துப் பத்தொன்பதாவதாக வந்தார்.

வெறுங்கால் ஓட்டம் இந்நாட்டிற்குப் புதிதன்று. திருவிதாங்கூர் அஞ்சலோட்டக்காரர்கள், மணி கட்டிய கோலைக் கையிலேந்திக் காட்டு வழியில் ஓடியவர்கள், எந்தக் காலணியை நம்பினார்கள்?

காலணி பிறந்த கதையும் சுவையானதே. 1839-இல் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் இருக்குமெனக் கண்டார். அது இல்லையேல் ரப்பர் அடிப்புறமே இல்லை. 1951-இல் பாஸ்டன் மராத்தானில் வென்ற ஜப்பானியர் ஷிகேகி தனாகா அணிந்திருந்தது, பெருவிரல் தனியே பிரிந்த துணிக் காலணி. அவர் நாட்டவரான ஒனிட்சுகா, கொப்புளத்திற்குக் காரணம் காலணிக்குள் சிறைப்பட்ட வெப்பமே என்றெண்ணி, காற்றுப் போகத் துளைகள் அமைத்தார். அமெரிக்கப் பயிற்சியாளர் பில் போவர்மன் செய்ததோ, நம் தாய்மார் கேட்டால் நகைக்கத்தக்கது. 1970-களின் தொடக்கத்தில், மனைவி பலகாரம் சுடும் இரும்பு அச்சில் ரப்பர்க் கலவையை ஊற்றிக் கட்டங்கட்டமான அடிப்புறத்தை வார்த்தார். நம்மூர்ப் பணியாரச் சட்டியைப் பார்த்தும் ஒருவருக்கு இந்த யோசனை தோன்றியிருக்கலாம்; தோன்றவில்லை.

அதே காலத்தில்தான் மராத்தான் பொதுமக்கள் விழாவாக மாறியது. 1970-இல் நியூயார்க்கில் ஓடத் தொடங்கியவர் 127 பேர். முடித்தவர் 55 பேர். 2019-இல் முடித்தவர் ஐம்பதாயிரத்துக்கும் மேல். பெண்களுக்கு ஒலிம்பிக் மராத்தான் 1984-இல்தான் கிட்டியது என்பதை மாணவியர் மறவாதிருக்க வேண்டும். மும்பையில் 2004-இல் பெருநகர ஓட்டம் தொடங்கியது.

இவ்வளவு காலணி வந்த பின்னரும் இருவர் என் நெஞ்சை விட்டு அகலார். ஒருவர் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா. 1960-இல் ரோம் நகரில், கிடைத்த காலணி பொருந்தாமையால், பயிற்சியில் பழகிய வெறுங்காலோடே ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் உலகிலேயே மிக விரைந்த நேரத்தைப் பதித்தார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில், காலணி அணிந்து, மேலும் மூன்று நிமிடம் விரைவாக ஓடி மீண்டும் வென்றார். அவர் வெற்றியை முழுவதும் வெறுங்காலுக்கே உரிமையாக்குவோர் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. மற்றவர் நம் நாட்டுச் சிவநாத் சிங். பீகாரில் பிறந்த படைவீரர். பாதத்தில் பிளாஸ்திரி மட்டும் ஒட்டிக்கொண்டு ஓடும் வழக்கமுடைய அவர், 1976-இல் மான்ட்ரீலில் பதினோராவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம், நாற்பது ஆண்டுகளுக்குமேல் இந்தியச் சாதனையாக நின்றது.

2010-இல் டேனியல் லீபர்மன் குழுவினர் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு ஒருவாறு விளக்கம் தருகிறது. வெறுங்காலர் பெரும்பாலும் முன்பாதத்தை முதலில் ஊன்றுகின்றனர். குதிகால் மெத்தை பொருந்திய காலணி அணிந்தவர் குதிகாலை முதலில் ஊன்றுகின்றனர். தரையின் மோதல் அவர்களுக்குத் திடீரெனத் தாக்குகிறது.

இனி நம் மாவட்டத்திற்கு வருவோம். கரிசல் வெடிப்பும், கருவேல முள்ளும், சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலையும் நம் மைதானங்கள். சிவகாசிப் பட்டாசுக் கூடங்களுக்குள் இரும்பாணி அடித்த காலணியோடு நுழைய விதி தடை செய்கிறது. தீப்பொறி அஞ்சியே அது. அங்கு வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் பலருக்கு ஓட்டக் காலணி எட்டாப் பொருள். இந்நிலையில் 2017-க்குப் பின் கரிமத் தகடு பொதிந்த காலணிகள் வந்தன. அவற்றின் விலையைக் கேட்டால் ஒரு குடும்பத்தின் மாதச் செலவு நினைவுக்கு வரும். 2019-இல் வியன்னாவில் கிப்சோகே இத்தகைய காலணியோடு, சாதனையாகக் கொள்ளப்படாத ஓட்டமொன்றில், இரண்டு மணிக்குள் முடித்தார். 2020-இல் உலகத் தடகளச் சங்கம், சாலை ஓட்டக் காலணியின் அடி 40 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது, தகடு ஒன்றுக்கு மேலாகாது என்று வரம்பிட்டது.

வட்டாரப் போட்டியொன்றில், காலணியில்லை என்று ஒரு சிறுவனை வரிசையிலிருந்து விலக்கியதை நான் கண்டதுண்டு. விலக்கியவர் விதியை அறியார். சர்வதேச விதியே, ஓட்டக்காரர் வெறுங்காலோடும், ஒரு காலில் மட்டும் காலணியோடும், இரு காலிலும் காலணியோடும் போட்டியிடலாம் என்கிறது. உங்கள் பள்ளியில் இப்படி நிகழுமாயின் இதைப் பணிவோடு எடுத்துச் சொல்லுங்கள்.

ஆனால் சிவநாத் சிங்கைக் கேட்டதும் நாளைக் காலையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ச்சாலையில் ஓடாதீர்கள். பழகாத பாதம் புண்படும். முள் தைத்தால் தடுப்பூசி வேண்டிவரும். முள் பொறுக்கிய மண் தரையில், அதிகாலையில், ஐந்து நிமிடத்தில் தொடங்கலாம். வாங்க இயன்றவர், பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குச் சென்று, நின்றபடியே அணிந்து, பெருவிரலுக்கு முன் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குக. கடைக்காரர் சுட்டும் பெயரைவிட அந்தக் கட்டைவிரல் அகலமே முக்கியம். அந்தப் பெயர் பெரிய வெளிநாட்டுப் பெயராகவே இருந்தாலும், காலணி நம் திருவண்ணாமலை மாவட்டத்துச் செய்யாற்றில், நம் பெண்மக்கள் கைகளால் தைக்கப்பட்டதாக இருக்கக்கூடும்.