கத்தி ஒன்று, மரியாதை இரண்டு



ஒரு தொழிலுக்கு மதிப்பைத் தருவது திறமையா, சமுதாயமா? எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "டாக்டருக்கு ஏன் மதிப்பு? உயிரைக் காப்பாத்துற திறமை!" கேக்க நல்லாத்தான் இருக்கு. கல்யாணப் பத்திரிகையிலே மாப்பிள்ளை பேரைவிட எம்.பி.பி.எஸ். பெரிசா இருக்கு. (சிரிப்பு)

ஐயா, டாக்டர்களிலேயே பெரிய டாக்டர் யாரு? சர்ஜன். அந்த சர்ஜன் ஒரு காலத்திலே எங்கே இருந்தார்? சலூனிலே இருந்தார்! (சிரிப்பு) இங்கிலாந்திலே 1540-இல், எட்டாம் ஹென்றி மன்னர் காலத்திலே, முடிதிருத்துவோரையும் அறுவை வைத்தியரையும் ஒரே சங்கமாக்கிச் சட்டம் போட்டார்கள். 205 வருஷம் ஒரே சங்கம்! லத்தீன் படித்த பெரிய வைத்தியர் கத்தியைத் தொடமாட்டார். அது கைவேலை, கௌரவக் குறைச்சல். 1745-இல்தான் பிரிந்தார்கள். 1800-இல் அரச சாசனத்தோடு தனிக் கல்லூரி கிடைத்தது. அன்றைக்குப் பட்டம் இல்லாததால் சர்ஜனை 'டாக்டர்' என்று சொல்லாமல் வெறும் 'மிஸ்டர்' என்றார்கள். இன்றைக்கும் அங்கே சர்ஜன் 'மிஸ்டர்'தான். ஆனா இப்போ அதுவே பெருமை! (கைதட்டல்)

"திறமை வளர்ந்தது, மதிப்பு வளர்ந்தது" என்பார் எதிரணி நண்பர். அப்படியானால் நம்ம ஊருக்கு வாருங்கள். மைசூர்ப் போரிலே எதிரியிடம் சிக்கி மூக்கறுபட்டவர் கவாஸ்ஜி, ஆங்கிலேயப் படையின் மாட்டு வண்டிக்காரர். அவருக்கு நெற்றித் தோலை எடுத்துப் புது மூக்கு வைத்தார் புனே பக்கத்து வைத்தியர் ஒருவர். இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் பக்கத்திலே நின்று பார்த்தார்கள். 1794-இல் லண்டன் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' படத்தோடு போட்டது. அதிலே மூக்கு போனவர் பேரு இருக்கு. மூக்கு வைத்தவர் பேரு? இல்லே! செங்கல் செய்யும் சாதிக்காரர் என்று மட்டும் இருக்கு. அதைப் படித்த கார்ப்யூ என்கிற லண்டன் சர்ஜன் 1814-இல் அதே முறையிலே செய்தார், 1816-இல் புத்தகமும் போட்டார். அவர் பேரு சரித்திரத்திலே நின்றுவிட்டது. ரெண்டு பேருக்கும் கத்தி ஒன்றுதானே, நடுவர் அவர்களே? (பலத்த கைதட்டல்)

அவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம கிராமத்திலே முடிவெட்டினவருக்கே 'மருத்துவர்'னு பேரு. கட்டியைக் கீறி மருந்து வைத்தது அவர். அவர் வீட்டு அம்மா மருத்துவச்சி. ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் அரிக்கேன் விளக்கோடு வருவாங்க. ஊர்ப் பிள்ளைகளை முதல்லே கையிலே வாங்கினது அந்த அம்மா. கூலி? படி நெல்லு, பழைய புடவை. குழந்தை அழுத சத்தம் கேட்டதும், வந்த கொல்லைப்புறம் வழியாவே திரும்பிப் போகணும்.

ஆஸ்பத்திரி வந்தது நல்லதுதான். அது வந்து எத்தனையோ தாய்மாரைக் காப்பாத்தியிருக்கு, நான் மறுக்கலே. ஆனா 'மருத்துவர்' என்கிற அதே சொல்லு ஆஸ்பத்திரி வாசல்லே பலகையிலே ஏறினப்போ மாலை மரியாதை! சவரக் கத்தி பிடிச்சவர்கிட்டே இருந்தப்போ திண்ணையிலே உட்காரக்கூட இடமில்லே!

கொல்லைப்புறமா வந்துபோன அந்த அம்மாவுக்குத் திறமை இல்லேன்னு எதிரணியிலே ஒருத்தர் எழுந்து சொல்லட்டும், என் வாதத்தை வாபஸ் வாங்கிக்கறேன். நடுவர் மணியைத் தொட்டுட்டார். (கைதட்டல்)