மாற்றிய எஞ்சினும் முதல் ஓட்டமும்

லாரியோ டாக்சியோ வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு எஞ்சின் என்பது வெறும் இயந்திரம் அன்று. சேமிப்பும் கடனும் சேர்ந்து உருவான முதல். மும்பை, தில்லி, கொல்கத்தா போன்ற நகரங்களில் இத்தொழிலில் ஈடுபட்டுள்ள தமிழன்பர்கள் இதனை நன்கு அறிவர். தேய்ந்த எஞ்சினை இறக்கிவிட்டு, புதுப்பித்த டீசல் எஞ்சினை ஏற்றிய அன்று, அதன் ஒலியை உடனே கேட்க வேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. அந்த ஆவலைச் சில மணி நேரம் அடக்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லவே இப்பேச்சு.

காரணம் எளிது. கிராங்க் ஷாப்ட் தன் பேரிங்குகளின் மீது நேராகப் படிந்து சுழல்வதில்லை. இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மேல் மிதந்தவாறே சுழல்கிறது. நாள்தோறும் ஓடும் எஞ்சினை இரவில் நிறுத்தினால், அவ்வெண்ணெயில் ஒரு பங்கு உள்ளேயே தங்கியிருக்கும். பிரித்துப் பூட்டிய எஞ்சினிலோ ஆயில் பம்பு, பில்ட்டர், எண்ணெய் செல்லும் வழிகள் யாவும் வறண்டு கிடக்கும். அந்நிலையில் ஓட்டினால் உலோகத்தோடு உலோகம் உராயும். புதிய பேரிங் சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும்.

ஆதலால் முதல் வேலை எண்ணெயைப் பற்றியது. எஞ்சினுக்கு உரிய தரமுள்ள எண்ணெயை அளவுக் கம்பியின் குறி வரை ஊற்ற வேண்டும். நிமிர்ந்து நிற்கும் பில்ட்டராயின், அதனையும் எண்ணெயால் நிரப்பியே பொருத்தலாம். டர்போ இருந்தால், அதன் எண்ணெய் வாயிலும் சிறிது தூய எண்ணெயை ஊற்றுதல் நலம். பிறகு கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, ஸ்பானரால் கிராங்க் ஷாப்டைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் எல்லா வால்வுகளும் ஒருமுறை திறந்து மூட இரண்டு சுற்றுகள் தேவை. எங்கேனும் தடுத்தால் வலிந்து திருப்பலாகாது. டைமிங் தவறி, வால்வு பிஸ்டனில் முட்டுகிறதோ என்று ஆராய வேண்டும்.

அடுத்து, டீசல் செல்லாதவாறு நிறுத்தும் நெம்பை இழுத்து வைத்துக்கொண்டு, ஸ்டார்ட்டர் மோட்டாரால் மட்டும் எஞ்சினைச் சுழற்றுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடி போதும். இடையில் மோட்டார் ஆற அவகாசம் கொடுங்கள். எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் அசையும் வரை இதனைத் தொடர வேண்டும். முள் அசைந்த பிறகே டீசலைப் பற்றி நினைக்கலாம். பில்ட்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, குமிழியின்றி டீசல் வரும் வரை காற்றை வெளியேற்றுங்கள்.

ரேடியேட்டரை மெதுவாக நிரப்புங்கள்; விரைந்து ஊற்றினால் உள்ளே காற்று அடைபட்டு, சூடு மிகும். எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் கம்பி பூட்டப்பட்டதா என்று பாருங்கள். அது விடுபட்டால் மின்சாரம் ஆக்ஸிலேட்டர் கேபிள் போன்ற வேறு வழிகளில் பாய்ந்து, அவற்றைச் சுட்டுக் கெடுக்கும். காற்றுக் குழாயில் துணியோ நட்டோ கிடக்கலாகாது. தீயணைப்புக் கருவி அருகில் இருக்கட்டும். காற்று வாயை மூடத்தக்க ஒரு பலகையும் வேண்டும். டீசல் எஞ்சின் கட்டுமீறி ஓடினால், அதனை அடக்கும் வழி அதுவே.

இனி ஸ்டார்ட் செய்யலாம். பத்து விநாடிக்குள் எண்ணெய் அழுத்தம் ஏறாவிடில் உடனே நிறுத்துங்கள். ஏறினாலும் ஆக்ஸிலேட்டரை அழுத்தி உறுமச் செய்ய வேண்டா. கசிவு, சூடு, தட்டும் ஒலி ஆகியவற்றைக் கவனியுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பின் தண்ணீரையும் எண்ணெயையும் மீண்டும் அளந்து பாருங்கள். நெடுநேரம் வெறுமனே ஓடவிடுவதும் தவறு; மிதமான பாரத்தோடு ஓடினால்தான் பிஸ்டன் ரிங்குகள் நன்கு படியும்.

இன்னும் ஒன்று. பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் பதிந்துகொள்வது உரிமையாளர் கடமை. வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு, சோதனைச் சாவடியில் துணை நிற்பது அச்சான்றே.

மெக்கானிக்கின் மொழி இந்தியோ, மராட்டியோ, வங்காளியோ எதுவாயினும், பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் கேட்டறியுங்கள். நல்ல மெக்கானிக் அதற்குச் சலிப்படையமாட்டார்.