கொரிய மொழியில் பட்டம் படிக்கலாமா?

(நமது டிரஸ்ட் அம்பத்தூரில் நடத்திய உயர்கல்வி வழிகாட்டி முகாமில், மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பெரியோர்களே, தாய்மார்களே, பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே!

காலையிலிருந்து நர்ஸிங், சி.ஏ., பாலிடெக்னிக் என்று எல்லாம் கேட்டுவிட்டீர்கள். நான் பேச வந்தது கொரிய மொழி. பெயரைச் சொன்னதுமே பின்வரிசையில் இரண்டு தங்கைகள் சிரித்தார்கள், அவர்களின் அம்மாக்கள் முறைத்தார்கள். டிராமா பார்த்துப் பார்த்து வந்த ஆசைதானே இது என்பது அந்த முறைப்பின் அர்த்தம். ஆசை எங்கிருந்து வந்தால் என்ன? அது எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் பகுதிக்கு இந்த மொழி ஏன் வேண்டும் என்பதை விளக்க ரொம்ப நேரம் ஆகாது. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ரோட்டில் போனால் இருங்காட்டுக்கோட்டை. ஹூண்டாய் நிறுவனம் 1996இல் இந்தியாவுக்கு வந்தது, 1998இல் அங்கிருந்து முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. அதற்கும் அப்பால் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங். இந்தப் பெரிய கம்பெனிகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் கொரியக் கம்பெனிகள் எத்தனையோ. அவர்களுக்குச் சின்னச் சின்ன வேலை செய்து கொடுக்கும் பட்டறைகள் இங்கே அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கின்றன. இத்தனை பேருக்கும் நடுவில் பேச ஆள் வேண்டும்.

அதற்கு ஆறு மாத ஸ்போக்கன் கிளாஸ் போதாதா, மூன்று வருடம் கதையும் கவிதையும் எதற்கு என்று என் அத்தாவே கேட்டார்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பட்டறைக்காரர் தன் சாம்பிளை எடுத்துக்கொண்டு ஒரு கொரிய மேலாளரைப் பார்க்கப் போனார். மேலாளர் 'கொம்தோஹே பொகெஸ்ஸும்னிதா' என்றார். 'பரிசீலித்துப் பார்க்கிறோம்' என்று அர்த்தம். உடனிருந்தவர் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். ஆர்டர் வந்த மாதிரிதான் என்று நம்பி, இவர் கடன் வாங்கி இரும்பு இறக்கிவிட்டார். ஆர்டர் வரவேயில்லை. கல்யாணத் தரகரிடம் மாப்பிள்ளை வீட்டார் 'பார்த்துட்டுச் சொல்றோம்' என்றால் நமக்கு என்ன புரியும்? அங்கேயும் அதே கதைதான். சொல்லுக்கு அகராதி இருக்கிறது. தொனியைப் புரிந்துகொள்ள அந்த மக்களின் கதைகளைப் படித்திருக்க வேண்டும்.

மொழி கஷ்டமா என்று கேட்பீர்கள். தமிழ் பேசுகிற பிள்ளைக்கு, ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளையைவிட எளிது. 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்பது கொரிய மொழியில் 'நானுன் ஹக்யோஎ காயோ'. நான், பள்ளிக்கு, போகிறேன் என்று நம் வரிசையேதான். 'எ' என்பது நம் 'கு' உருபு மாதிரி. போறான், போறாரு, போறாங்க என்று நாம் மரியாதைக்கு ஏற்ப வினையின் வாலை மாற்றுகிறோம் அல்லவா? அவர்களும் அப்படியே செய்கிறார்கள், நம்மைவிட ஒரு படி அதிகமாகவே. அப்பாவை அவர்களும் 'அப்பா' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இதை வைத்துக்கொண்டு தமிழிலிருந்துதான் கொரிய மொழி வந்தது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே இரண்டையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. நேர்முகத் தேர்வில் இதைப் பெருமையாகச் சொன்னால் மதிப்பெண் போய்விடும்.

எழுத்து இன்னும் எளிது. ஹங்குல் என்று பெயர். மன்னர் சேஜோங் 1443இல் உருவாக்கி, 1446இல் மக்களுக்கு அறிவித்தார். அதுவரை சீன எழுத்தில்தான் எழுத வேண்டியிருந்தது, ஏழைக் குடியானவனுக்கு அது எட்டாது. இன்று 14 மெய், 10 உயிர் என்று 24 அடிப்படை எழுத்துகள். மெய்யும் உயிரும் ஒரு கட்டத்துக்குள் சேர்ந்து ஓர் அசையாகும். உயிர்மெய் படித்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இலக்கியத்துக்கு வருகிறேன். 2024இல் ஹான் காங் என்ற பெண் எழுத்தாளருக்கு நோபல் பரிசு கிடைத்ததைக் கேட்டிருப்பீர்கள். கொரியாவுக்குக் கிடைத்த முதல் இலக்கிய நோபல் அது. ஆனால் நான் படிக்கும்போது என்னை உலுக்கியது ஒரு நாவல் இல்லை, ஓர் அகராதியின் கதை. 1910 முதல் 1945 வரை கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. கடைசி வருடங்களில் பள்ளிக்கூடத்தில் கொரிய மொழியையே ஒதுக்கினார்கள், பிள்ளைகளின் பெயரைக்கூட ஜப்பானிய முறைக்கு மாற்ற வைத்தார்கள். அந்த நேரத்தில் சில அறிஞர்கள் ஊர் ஊராகச் சொற்களைச் சேர்த்து அகராதி தயாரித்துக்கொண்டிருந்தார்கள். 1942இல் அவர்களைக் கைது செய்தார்கள். இருவர் சிறையிலேயே இறந்தார்கள். கையெழுத்துப் பிரதியைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. 1945இல் விடுதலை கிடைத்த பிறகு, அந்தக் காகிதக் கட்டு சியோல் ரயில் நிலையக் கிடங்கில் கிடைத்தது. 1947இல் முதல் தொகுதி அச்சாகி, 1957இல் ஆறு தொகுதிகளும் முடிந்தன. இதைத் தெரிந்த பிறகு ஒரு கொரியர் தன் மொழியைப் பற்றிப் பேசும்போது குரல் ஏன் மாறுகிறது என்று புரியும். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

சரி, எங்கே படிப்பது? சென்னையில் பெரும்பாலும் கிடைப்பது சான்றிதழ் வகுப்பு. ராஜா அண்ணாமலைபுரத்தில் இன்கோ சென்டர் 2006 முதல் நடக்கிறது. முழுப் பட்டம் என்றால் டெல்லி ஜே.என்.யு.வில் பி.ஏ. ஆனர்ஸ், அதற்கு மேல் எம்.ஏ. இருக்கிறது. ராஞ்சியில் ஜார்கண்ட் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் கொரிய மொழி உண்டு. ஜே.என்.யு. பி.ஏ.வுக்கு கியூட் தேர்வு எழுத வேண்டும். கொரிய மொழி முன்பே தெரிந்திருக்கத் தேவையில்லை, முதல் எழுத்திலிருந்து சொல்லித் தருவார்கள். கல்விக் கட்டணம் குறைவு. செலவெல்லாம் விடுதிச் சாப்பாட்டுக்கும் ரயிலுக்கும்தான்.

பெண் பிள்ளையை அவ்வளவு தூரம் எப்படி அனுப்புவது என்ற கேள்வி எனக்குத் தெரியும். நானும் ஆவடியிலிருந்து போன பெண்தான். தயங்கும் பெற்றோருக்கு இன்னொரு வழி: இங்கேயே பி.காம். ஆகட்டும், கம்ப்யூட்டர் ஆகட்டும், ஒரு பட்டம் படிக்கட்டும். கூடவே வகுப்புக்குப் போய் டோபிக் தேர்வு எழுதட்டும். அதில் ஆறு நிலைகள். முதல் இரண்டும் தொடக்கம். மூன்றும் நான்கும் தாண்டினால்தான் கம்பெனியில் மதிப்பு. முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் அவசரப்பட்டு எழுதி வைக்காதீர்கள்.

கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையும் இருக்கிறது. விமான டிக்கெட், கல்விக் கட்டணம், மாதப் படி எல்லாம் அவர்களே தருவார்கள். முதல் வருடம் மொழிப் பயிற்சி, பிறகு பட்டம். போட்டி கடுமை. மதிப்பெண் 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க 40 வயதுக்குள் இருந்தால் போதும்.

சாப்பாடும் தொழுகையும் பற்றிக் கேட்பீர்கள். சியோலில் இதேவோன் பகுதியில் 1976இல் திறந்த பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, சுற்றிலும் ஹலால் கடைகள். அலுவலக விருந்தில் மது ஊற்றுவார்கள். வேண்டாம் என்று முதல் நாளே மரியாதையாகச் சொல்லிவிட்டால் அதோடு முடிந்தது. அங்கே 'சைடா' என்று கேட்டால் நம் ஊர் ஸ்ப்ரைட் மாதிரி ஒரு பானம்தான் வரும், பயப்பட வேண்டாம்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. 'கொரியாவில் ஃபேக்டரி வேலை, ஈ.பி.எஸ். விசா, நாலு லட்சம் கட்டுங்கள்' என்று ஆட்கள் சுற்றுகிறார்கள். ஈ.பி.எஸ். என்பது கொரிய அரசு சில நாடுகளோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுக்கும் திட்டம். இலங்கை, நேபாளம், பங்களாதேஷ் எல்லாம் அதில் உண்டு. இந்தியா இல்லை. அந்த விசாவில் இந்தியரை அனுப்புகிறேன் என்பவர் பொய் சொல்கிறார். இன்னொரு வகை, மொழிப் பள்ளி விசாவில் அனுப்பிவிட்டு, போனதும் வேலை செய்து சம்பாதிக்கலாம் என்பார்கள். அந்த விசாவில் முதல் ஆறு மாதம் வேலைக்கே அனுமதி இல்லை. அதற்குப் பிறகும் அனுமதி வாங்கி, பகுதி நேரம்தான். நகையை அடகு வைத்து யாரிடமும் பணம் கட்டிவிடாதீர்கள். விசாத் தாளைக் கொண்டுவந்து டிரஸ்ட் அலுவலகத்தில் காட்டுங்கள், நான் படித்துச் சொல்கிறேன்.

வாசலில் மேசை மேல் ஹங்குல் எழுத்து அட்டை வைத்திருக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துப் போங்கள். இரண்டு வாரம் உட்கார்ந்து பாருங்கள். அதற்குப் பிறகும் டிராமா பார்க்கத்தான் தோன்றுகிறது, எழுத்தில் மனம் போகவில்லை என்றால் வேறு படிப்புக்கு விண்ணப்பம் போடுங்கள், கியூட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம். மனம் போகிறவர்கள் அடுத்த ஞாயிறு அஸருக்குப் பிறகு பெற்றோரோடு வாருங்கள், இன்ஷா அல்லாஹ் விண்ணப்பத்தைச் சேர்ந்தே நிரப்புவோம்.